அந்தக் கருவி உங்களைக் கொல்லவில்லை, மச்சான்

என் பிரியத்துக்குரிய ரஹீம் மச்சான்,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உங்கள் மனைவியிடம், என் கூடப்பிறந்த லாத்தாவிடம், இத்தனை நாளும் நான் ஒன்றை மறைத்திருந்தேன். அதை முதலில் உங்களிடம்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முப்பது வருடம் நின்றீர்கள். முப்பது வருடமும் விரலிடுக்கில் சிகரெட். விடுவதற்கு நிக்கோட்டின் மிட்டாய் மென்று பார்த்தீர்கள், தோளில் பட்டை ஒட்டிப் பார்த்தீர்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கிளினிக் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "அறவே விட்டா ரொம்ப நல்லது. முடியலன்னா முழுசா இ-சிகரெட்டுக்கு மாறிடுங்க. அதுவும் நல்லதில்லதான். ஆனா உங்களைக் கொல்றது அந்தப் புகை. ரெண்டையும் சேர்த்து மட்டும் இழுக்காதீங்க."

மாறினீர்கள். அதன்பின் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியது. மேல்தட்டிலிருந்து சாமான் எடுக்க ஏணியில் ஏறி, மூச்சு வாங்காமல் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

நான் என்ன செய்தேன்? போனில் யாரோ அனுப்பிய வீடியோவை நம்பி, கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே, "என்ன மச்சான், இந்த வயசுல காலேஜ் பசங்க மாதிரி பீப்பி ஊதுறீங்க?" என்றேன். அதோடு விட்டேனா? ஊரிலிருந்த லாத்தாவுக்குப் போன் போட்டு, மச்சான் புதிதாக ஒரு போதையில் விழுந்துவிட்டார் என்றேன். அவள் அழுதாள். உங்களிடம் சத்தியம் வாங்கினாள். நீங்கள் வாதாடவே இல்லை. அந்தக் கருவியைக் குப்பையில் போட்டுவிட்டு, "கலாஸ், முடிஞ்சுது. போதுமாடா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

பத்தாம் நாள், கடைக்குப் பின்னால் சிகரெட்டோடு உங்களைப் பார்த்தேன். பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். சிகரெட் நம் வீட்டுக்குப் பழகிய பகை. அதைப் பார்த்து யாரும் அழுவதில்லை. அதனால்தான் நானும் பேசாமல் வந்தேனா, மச்சான்?

ஏழு மாதம் கழித்து ஒரு மதியம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழவில்லை. சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? அதே டாக்டரிடம் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதில்தான் என்னைத் தின்கிறது.

ஊரில் லாத்தா எல்லாரிடமும், "அந்த மெஷின்தான் எங்க ஊட்டுக்காரரக் கொண்டுபோயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் சிகரெட்டுக்குத் திரும்பியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் வாங்கிய சத்தியமே அவளைக் குத்தும், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

போன மாதம் போனில் சொன்னாள்: "பக்கத்து வீட்டு மரியம் ஊட்டுக்காரரு சவூதி ஜுபைல்ல இருக்காருல்ல, சிகரெட்ட விட்டுட்டு அந்த மெஷினப் புடிச்சிருக்காராம். தூக்கி எறியச் சொல்லுன்னு மரியத்துக்கிட்ட சொல்லியிருக்கேன்."

"வேணாம் லாத்தா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னோடது. நீ நான் சொன்னத நம்புன, அவ்வளவுதான்."

"அவரு மறுபடி சிகரெட் குடிக்கிறாருன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

போனை வைத்துவிட்டாள். அன்றைக்கே மரியம் வீட்டுக்குப் போய், தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டாளாம். உங்கள் மகள்தான் எனக்குச் சொன்னாள். ஜுபைல்காரர் இன்றுவரை சிகரெட்டைத் தொடவில்லையாம். லாத்தா என்னோடு மட்டும் பேசுவதில்லை.

அடுத்த மாதம் லீவில் போகிறேன். போனில் சொன்னதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன், மச்சான். உங்களிடமும்.

உங்கள் மனைவிக்குத் தம்பியாகவும் உங்களுக்கு மச்சினனாகவும் வாய்த்த,
நசீர்