வாய் திறக்காத கை

என் ஆசை அக்காவுக்கு,

உன் இடது கையை ஜெயபுரத்தில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப் போகிறார்கள். எங்களிடம் கேட்கவில்லை. கையிடம் கேட்டார்களாம். அது சம்மதித்துவிட்டது.

கற்றுக்கொள்ளும் இயந்திரங்களுக்கும் உயிருரிமை உண்டு என்ற சட்டம் நீ இருக்கும்போதே வந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு, உன் இயந்திரக் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். "ஷெல் வெடிச்சுப் போன என்ர கைக்கு ஒரு சட்டமும் இல்லை. இதுக்கு இருக்கு."

காய்ச்சலில் நீ போன அன்று, தர்மபுரம் வீட்டில், வழக்கப்படி அம்மா உன் கைப்பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டப் போனார். இயந்திரக் கையை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் நரம்போடு பிணைந்து, உன்னிடம் பழகி, அது எங்களுக்கும் உன் கையாகவே ஆகியிருந்தது. அம்மாவின் விரல் பட்டதும் கை அதை இறுகப் பிடித்தது.

"நிப்பாட்டுங்கோ! பிள்ளைக்கு உயிர் இருக்கு!"

மாமா அம்மாவிடம் ஓடிவந்தார். "அக்கா, டொக்டர் பாத்துச் சொன்னவர். இது மெஷின். பற்றரி இருக்குமட்டும் பிடிக்கும்."

"டொக்டர் எந்தக் கையைப் பிடிச்சுப் பாத்தவர்?"

பறை நின்றது. முற்றத்தில் யாரோ கேட்டார்: "அப்ப அதுக்கும் வாய்க்கரிசி போடுவமோ?" சிலர் சிரித்தார்கள்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். உயிருரிமை உள்ள கையை எரிக்க முடியாதாம். கழற்றி, பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்த உன்னை எரித்தார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லையே. அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "உயிரோட கொண்டு போறியள்!"

இன்னும் அப்படித்தான் நம்புகிறார். அடுப்பு மூட்டுவதில்லை. நெருப்புப் பெட்டியைத் தொடுவதில்லை. நான்தான் சமைக்கிறேன்.

அந்தப் பிடி உன்னிடமிருந்து வந்ததா, கை தானாகப் பிடித்ததா? கைக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்கத்தான் கையை இன்னொருவருக்குப் பொருத்துவது பற்றி நேற்றுக் கிளிநொச்சியில் நடந்த விசாரணைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன்.

கை மேசைமேல் இருந்தது. அதிகாரி அதை "நீங்கள்" என்றார். அம்மாவிடம், "அங்கால தள்ளி இரு" என்றார்.

என் கேள்விக்கு, பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து கையின் குரல் வந்தது. "அவரது உடல் என்னிடம் சொன்னவற்றை வெளியிட நான் விரும்பவில்லை."

"அதுக்கு அந்த உரிமை இருக்கு, தங்கச்சி. கட்டாயப்படுத்தேலாது" என்றார் அதிகாரி.

காணாமல் போனவர்களைக் கேட்டு, பதில் வராத மேசைகளின் முன்னால் இந்த ஊர் எத்தனை தரம் நின்றிருக்கிறது. முன்பு மனிதர்கள் வாய் மூடியிருந்தார்கள். இயந்திரம் அதையும் கற்றுக்கொண்டது. யாரிடம்? உன்னிடமா?

பஸ்ஸில் அம்மா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நீ கம்பஸில படிச்சனி. பொய்யெண்டாலும் ஒண்டைச் சொல்லன், பிள்ளை."



இன்று அம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொல்லப் போகிறேன். அக்கா அப்போதே போய்விட்டாள், கை தானாகத்தான் பிடித்தது, அதை எனக்கு மட்டும் சொன்னது என்று. எத்தனை தரம் கேட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டேன். இது உனக்குத் தரும் சத்தியம். நீ மறுக்க வரமாட்டாய். கையும் மறுக்காது. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது.

உன்னோடு பிறந்த,
சின்னவள்