இரண்டாவது பக்கத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். அங்கேயும் எல்லோரும் நலம்னு நம்பறேன். போன்லயே பேசியிருக்கலாம். ஆனா போன்ல எனக்கு 'ம்', 'சரி' ரெண்டைத் தவிர வேற எதுவும் வராதுன்னு உங்க தங்கச்சி ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. உங்க மருந்துக் கடையிலயும் எந்த நேரமும் நாலு பேர் சீட்டை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. அதான் கடிதம். வீட்டுக்குப் போடாம கடைக்கே போட்டிருக்கேன், தப்பா நினைக்காதீங்க.

நான் வீடியோ கேம் ஆடற ஆர்கேட் பெட்டி ஒண்ணு செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு அவ சொல்லியிருப்பா. முக்கால்வாசி முடிஞ்சிருச்சு. பிளைவுட் அறுத்து, கறுப்புப் பெயின்ட் அடிச்சு, பழைய டிவியை உள்ளே சாய்ச்சு மாட்டியாச்சு. பின் அறையில நிக்குது. மீட்டர் பார்க்க வந்தவர் எட்டிப் பார்த்துட்டு, பீரோவுக்கு எதுக்குங்க இத்தனை பட்டன்னு கேட்டுட்டுப் போறார்.

ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடற பெட்டி மச்சான். இடது பக்கம் எனக்கு, அது தயார். வலது பக்கம் உங்க தங்கச்சிக்கு. அதுல பட்டன் எல்லாம் இருக்கு, பிடிச்சு அசைக்கற குச்சி, அதான் ஜாய்ஸ்டிக், வர வேண்டிய இடத்துல ஓட்டை மட்டும்தான் இருக்கு.

இதை எதுக்கு ஆரம்பிச்சேன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை அவ துணி மடிச்சுக்கிட்டே, "இந்த வீட்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற காரியம்னு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்"னு கேட்டா. அதுக்குள்ள வேலைக்கு வரச் சொல்லி போன் வந்துச்சு, கிளம்பிட்டேன். லிஃப்ட் ரிப்பேர் வேலை உங்களுக்குத் தெரியும், யாராவது உள்ளே மாட்டிக்கிட்டா பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடணும். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, கல்யாணமான புதுசுல ஒரு கடையில இப்படி ஒரு பெட்டியில ரெண்டு பேரும் ஆடினோம். அவதான் ஜெயிச்சா. மறுநாளே போய்ப் பலகை வாங்கிட்டு வந்துட்டேன்.

'கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரேன்'னுதான் கிளம்பினா. நான் கூப்பிட்டா போனை எடுக்கறதில்ல. அவ வரணும் மச்சான். வரும்போது இது முடிஞ்சு நிக்கணும், அவ்வளவுதான் என் ஆசை.

நாளெல்லாம் ஆபீஸ்ல டைப் அடிச்சு அவளுக்கு மணிக்கட்டு ரெண்டும் வலி. இங்கே கிடைக்கற ஜாய்ஸ்டிக்கை அசைக்க ஒரு பயில்வான் வேணும். உங்க பின்தெருவுல எலக்ட்ரானிக்ஸ் கடையா இருக்கே. மேல உருண்டை வெச்சது, ஸ்பிரிங் லேசானது ஒண்ணு வாங்கி, அவ கையில கொடுத்துப் பாருங்க. என்ன சொன்னான்னு அப்படியே எழுதுங்க.

உங்கள்
மாப்பிள்ளை


மார்ச் 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதத்தை இருமறவங்களுக்கும் தும்மறவங்களுக்கும் நடுவுல மூணு தடவையா பிரிச்சுப் படிச்சு முடிச்சேன். இந்த நாலு வருஷத்துல மாப்பிள்ளை ஒரே மூச்சுல இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

ஜாய்ஸ்டிக் வாங்கப் போனேன். கடைக்காரன் அரை டஜன் எடுத்துப் போட்டான். எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு, ரோடு ரோலர் கியர் மாதிரி. பையனுக்கு என்ன வயசுன்னு கேட்டான். நாற்பது இருக்கும்னேன். அதுக்கப்புறம் அவன் என்கிட்ட மரியாதையாப் பேசல. சிவப்பு உருண்டை வெச்சது ஒண்ணு எடுத்திருக்கேன், இதோட இருக்கு.

தங்கச்சிகிட்ட கொடுத்தேன். அசைச்சுப் பார்த்துட்டு, "லேசாத்தான் இருக்கு, பரவாயில்ல"ன்னா. நல்லா இருக்கா. நேத்து டிவியில எதையோ பார்த்து ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தா.

எனக்குத்தான் நின்னு நின்னு கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. ஊருக்கு மாத்திரை கொடுக்கறேன், எனக்கு ஒண்ணு போட்டுக்க நேரம் இல்ல. என் வீட்டுக்காரிக்கு, அதான் உங்க அக்காவுக்கு, நீங்க இளைச்சிருப்பீங்கன்னு கவலை. பெட்டியை அவசரப்பட்டு முடிக்கணும்னு இல்ல மாப்பிள்ளை, மெதுவாச் செய்யுங்க.

அன்புடன்
மச்சான்


மார்ச் 21

அன்புள்ள மச்சானுக்கு,

பார்சல் கிடைச்சது. அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க.

குச்சியை மாட்டிப் பார்த்தேன். எனக்கு என்னமோ திருப்தி இல்ல. தொட்டா ஆடுது, விட்டாலும் கொஞ்ச நேரம் ஆடுது. இவ்வளவு தளர்வா இருந்தா மேலே போகச் சொன்னா பக்கத்துல போகும். சிவப்பும் கண்ணை உறுத்துது, வெள்ளை உருண்டையா இருந்தா தேவலை. இதைத் திருப்பி அனுப்பறேன், கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் உள்ளது பாருங்க.

அவ அதைப் பிடிச்சுப் பார்த்தப்ப நின்னுக்கிட்டு இருந்தாளா, உட்கார்ந்திருந்தாளா? உருண்டையை மேலேயிருந்து பிடிச்சாளா, இல்ல விரல் இடுக்குல கம்பி வர்ற மாதிரியா? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமாப் பிடிப்பாங்க. இதெல்லாம் தெரிஞ்சா வசதி. பலகையை அவ உயரத்துக்கு ரெண்டு விரல் இறக்கியிருக்கேன்.

டிவியில என்ன பார்த்துச் சிரிச்சா? சும்மாதான் கேட்கறேன்.

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தத் தடவை சுருக்கமா எழுதறேன், கடையில சரக்கு வந்து இறங்கிக் கிடக்கு. புதுசு ஒண்ணு வாங்கிட்டேன். பழையதைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். புதுசுல வெள்ளை உருண்டைதான், போனால் போகுதுன்னு பழசுலயும் வெள்ளையே மாட்டி வாங்கினேன், பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்க்கலாமேன்னு. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் தெரியுது. எனக்கு எப்பவுமே எல்லாம் நல்லாத்தான் தெரியும்னு உங்க அக்கா திட்டுவா.

தங்கச்சி நின்னுக்கிட்டுதான் பிடிச்சா. மேலேயிருந்து, உள்ளங்கை படற மாதிரி. இது முன்னதை விடப் பரவாயில்லைன்னா. பகல்ல இப்பல்லாம் வெளியே போயிட்டு வரா. டிவியில என்ன ஓடிச்சுன்னு கவனிக்கல, அடுத்த தடவை பார்த்துச் சொல்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

அன்புடன்
மச்சான்


ஏப்ரல் 10

அன்புள்ள மச்சானுக்கு,

கிடைச்சது. இது என்ன மச்சான், அசைக்கவே முடியல. கொஞ்ச நேரம் ஆடினாலே உள்ளங்கை சிவந்து போகுது. அவ மணிக்கட்டுக்கு இது ஆகாது. உள்ளே இருக்கற ஸ்விட்ச் வேற டக்கு டக்குன்னு சத்தம் போடுது, பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டறார். திருப்பி அனுப்பியிருக்கேன்.

இன்னொண்ணும் கவனிக்கணும். குச்சிக்கு அடியில ஒரு தகடு இருக்கும், நடுவுல ஓட்டை. அது சதுரமா இருந்தா குச்சி நாலு மூலையில போய் முட்டும், எட்டு மூலையா இருந்தா வழுக்கிக்கிட்டுப் போகும். எட்டு மூலை கிடைக்குதான்னு கேளுங்க. இல்லைன்னா சதுரமே இருக்கட்டும், ஸ்பிரிங் மட்டும் மாத்தலாம். அவசரம் இல்ல, நிதானமாத் தேடுங்க.

இங்கே வேலை ஒரே அசதி. நேத்து ஒரு ஆபீஸ்ல கணவன், மனைவி ரெண்டு பேர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. கதவை நெம்பித் திறக்கற வரைக்கும் உள்ளே சண்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க, திறந்த பிறகும் நிறுத்தல. பார்க்கப் பொறாமையா இருந்துச்சு. எங்க வீட்ல சண்டைகூட நடந்ததில்ல மச்சான். நான் எதையாவது கழட்டிக்கிட்டு இருப்பேன், அவ பேசிப் பார்த்துட்டுப் போயிடுவா.

பகல்ல எங்கே போயிட்டு வரா?

உங்கள்
மாப்பிள்ளை


ஏப்ரல் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை எழுதறதும் கிழிக்கறதுமா இருக்கேன். இன்னைக்கு எப்படியாவது முடிச்சுடணும்.

போன வாரம் கடையில தேதி முடிஞ்ச மருந்தையெல்லாம் ஒதுக்கிக்கிட்டு இருந்தேன். இருமல் மருந்து பாட்டில்களுக்குப் பின்னால ஒரு ஜாய்ஸ்டிக் கிடந்துச்சு. வெள்ளை உருண்டை, பிளாஸ்டிக் கவர் பிரிக்கல. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் விளங்குச்சு. ரெண்டாவதா வாங்கின புதுசு அதுதான். சரக்கு இறங்கின அவசரத்துல நான் பார்சல் கட்டினது, நீங்க திருப்பி அனுப்பின பழசை.

முதல் தடவை தொட்டாலே ஆடுதுன்னு எழுதினீங்க. அதே குச்சியை ரெண்டாவது தடவை அசைக்கவே முடியலன்னு எழுதியிருக்கீங்க. லிஃப்ட் கதவு மூடற சத்தத்தை வெச்சே எந்த ஸ்விட்ச் தேஞ்சிருக்குன்னு சொல்ற ஆள் நீங்க. உங்களுக்குக் குச்சி வேண்டியதில்ல. அதைத் தேர்ந்தெடுத்துட்டா இங்கேயிருந்து சேதி வர்றது நின்னு போயிடும், அதான் உங்க பயம். சரிதானே?

எனக்கு உங்க மேல கோபம் வரல. அந்த யோக்கியதை எனக்கு இல்ல. ஏன்னா தங்கச்சி ஒரு குச்சியையும் தொடல. நான் கொடுக்கவே இல்ல. 'லேசாத்தான் இருக்கு', 'உள்ளங்கை படற மாதிரி', எல்லாம் நான் கல்லாவுல உட்கார்ந்து எழுதினது. டிவி பார்த்துச் சிரிச்சது மட்டும் நிஜம்.

உங்க முதல் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே அவ என்கிட்ட சொல்லிட்டா. "அண்ணா, நான் திரும்பிப் போகல. என்னால அவர்கிட்ட சொல்ல முடியாது, நீங்களே பக்குவமா எழுதிடுங்க." நானும் பேப்பரை எடுத்து வெச்சேன். அதுக்குள்ள உங்க கடிதம் வந்து நின்னுச்சு, ஜாய்ஸ்டிக் வாங்கி அனுப்புங்கன்னு. அப்பாடான்னு இருந்துச்சு மாப்பிள்ளை. குச்சியைப் பத்தி எழுதினா அவ சொன்னதைப் பத்தி எழுத வேண்டாமே. நீங்க குறை சொல்லச் சொல்ல எனக்கும் நிம்மதிதான்.

ஞாயித்துக்கிழமை உங்க முதல் கடிதத்தை அவகிட்ட கொடுத்தேன். உங்களைக் கேட்காமக் கொடுத்தது தப்புதான், வேற வழி தெரியல. முழுக்கப் படிச்சா. கோபப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். "நான் கேட்டது அவர் காதுல விழுந்திருக்கு அண்ணா. ஆனா ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு, தனியா உட்கார்ந்து, ரெண்டு பேர் ஆடற பெட்டியைச் செஞ்சிருக்கார். நான் வெளியே நின்னு அறுக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்தப் பலகையைக் கொஞ்சம் பிடின்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போயிருப்பேன்"னு சொன்னா. கடிதத்தை மடிச்சு என்கிட்டயே கொடுத்துட்டா.

பகல்ல அவ போனது வேலை தேடி. கிடைச்சிருச்சு. தனியா வீடும் பார்த்துட்டா, மாசக் கடைசியில போறா. வக்கீல்கிட்டேயிருந்து உங்களுக்குக் காகிதம் வரும். இழுத்தடிக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. அவளுக்கும் அலுத்துப் போச்சு, உங்களுக்கும் அலுத்துப் போச்சு. நான் நடுவுல நின்னு நின்னு ஓய்ஞ்சுட்டேன்.

பிரிக்காத குச்சியை இதோட அனுப்பறேன். என் கடையில அதைக் கேட்டு யாரும் வரப் போறதில்ல.

வருத்தத்துடன்
மச்சான்


மே 6

அன்புள்ள மச்சானுக்கு,

பார்சல் வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு வக்கீல் காகிதமும் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அவகிட்ட சொல்லிடுங்க, அலைய வேண்டியிருக்காது.

கோபம் வந்துச்சு. உங்ககிட்ட மறைக்கல. உள்ளங்கை படற மாதிரிப் பிடிச்சதா நீங்க எழுதினதை வெச்சு, வெறும் ஓட்டைக்கு மேல கையை வெச்சு, அவ முழங்கை எங்கே வரும்னு பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன். அது உங்க கல்லாவுல பிறந்த கைன்னு தெரிஞ்சதும் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனா என்னைத் திட்டறதுக்கும் அதே வார்த்தைகள்தான் தோதா இருந்துச்சு.

அதே குச்சிதான்னு அன்னைக்குப் பார்சலைப் பிரிச்சதுமே எனக்குத் தெரியும். அடியில என் ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் இருந்துச்சு. நீங்க வேணும்னேதான் அனுப்பியிருக்கீங்கன்னு நினைச்சேன். இந்தப் பார்சல் நிக்கக் கூடாதுன்னு மச்சானுக்கும் இருக்கு போலன்னு. அதான் கூச்சமே இல்லாம அப்படி எழுதினேன். அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா.

பலகையைப் பிடிக்கச் சொல்லியிருந்தா வந்திருப்பேன்னு அவ சொன்னதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கறேன். பிளைவுட் ஆள் உயரம் மச்சான். ஒத்த ஆளாப் பிடிக்க முடியாம, சுவத்துக்கு முட்டுக் கொடுத்து அறுத்ததுல ரெண்டு பலகை கோணலாப் போய்த் தூக்கிப் போட்டேன். கதவு நாலடி தள்ளித்தான் இருந்துச்சு. முடிச்சுட்டுக் காட்டணும்னு மட்டும்தான் எனக்கு இருந்துச்சு. நாசமாப் போற புத்தி.

எனக்கு இப்போ வேலைக்குப் போய்ட்டு வந்தா உட்காரத்தான் தோணுது. பின் அறைக்குப் போறதில்ல. வித்துடலாமான்னு பார்த்தேன், யாரும் பாதிப் பெட்டியை வாங்க மாட்டாங்க.

பழக்க தோஷத்துல மச்சான்னே எழுதிட்டேன். இனிமே எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியல. வேண்டாம்னா நேராச் சொல்லிடுங்க, பக்குவமா எழுத வேண்டாம்.

அந்தக் குச்சி ரெண்டும் நல்ல குச்சிதான், எதை மாட்டினாலும் சரி. ஒருத்தர் மேலேயிருந்து அசையாமப் பிடிச்சாத்தான் கீழே குனிஞ்சு நட்டை முறுக்க முடியும். என் பக்கத்தை எப்படியோ கால்ல அணைச்சு, ஒத்த ஆளா மாட்டினேன். இதை அப்படி மாட்டப் போறதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு வர முடியுமா?

மாப்பிள்ளை