உனக்காகப் போட்ட மொட்டை

என் அடாவடி அம்மாவுக்கு,

நான் ஜெயித்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது.

ஊரில் ஒரு சேதி. நீ மெட்ராஸ் ராஜ்யத்தில் கண்ணை மூடினாய். உன் பதினாறாம் நாள் காரியத்தை நான் ஆந்திராவில் செய்தேன். அந்தப் பதினாறு நாளுக்குள் நம் சத்தியவேடு பக்கத்தையே அங்கே சேர்த்துவிட்டார்கள். என்னையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சும்மாவா விட்டிருப்பாய்?

சித்தூர் குத்துச்சண்டையில் நான் விழுந்தது நினைவிருக்கிறதா? விலா எலும்பு முறிந்து கிடந்தேன். "அரவவாடு படிப்போயாடு!" என்று கூட்டம் கத்தியது. தமிழன் விழுந்தானாம், அதில் அவ்வளவு சந்தோஷம். இனிமேல் கையுறையைத் தொடாதே என்றார் டாக்டர். நம் தெருவும் அதையேதான் சொன்னது. நீ மட்டும்தான் பாயைப் பிடித்து இழுத்தாய்.

"இன்னாடா படுத்துக்கினே கீற? எம்புள்ள மறுபடியும் மேடை ஏறுவான்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துகீறேன். என் மானத்த வாங்கிடாத!"

உன் சொல்லுக்காகத்தான் திருப்பதியில் ஒரு சண்டைக்கு ஒப்புக்கொண்டேன். அதற்குள் நீ போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் அம்மா?

கிளம்பும் நாளில் பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பெத்தவ போயி ஈரங்கூட காயல. குத்திக்கினு விளையாடப் போறியா? ஊரே காறித் துப்பும்டா!"

"துப்பட்டும். எங்கம்மா சொன்னது பொய்யாப் போவக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். உன் அக்காவாயிற்றே, பிடித்துத் தள்ளவா முடியும்?

உன் காரியத்துக்கு மழித்த தலையோடுதான் மேடையேறினேன். திருப்பதியல்லவா, கூட்டத்தில் பாதிப்பேர் மொட்டை. நானும் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்தவன் என்று நினைத்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று எனக்காகக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மூன்றாவது சுற்றில் எதிராளி அதே விலாவில் குத்தினான். விழுந்தேன். நடுவர் எண்ணத் தொடங்கினார். மூச்சே வரவில்லை. இப்படியே கிடந்தால் தெருவெல்லாம் உன்னைப் பொய்க்காரி என்பார்களே என்று ஒரு ஆத்திரம் வந்தது பார், அதில்தான் முழங்காலை ஊன்றினேன். எழுந்தேன். அடுத்த சுற்றில் என் இடது கை அவன் தாடையில் இறங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை.

மைக் பிடித்திருந்தவர் என் மொட்டையைத் தடவி, "ஏமி மொக்கு, தம்முடு?" என்றார். என்ன வேண்டுதல் என்று கேட்கிறார். மலையப்பனுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் என்னைத் தோளில் தூக்கியிருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

மைக்கை வாங்கித் தமிழிலேயே சொன்னேன்: "வேண்டுதல் இல்லீங்க. நான் சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழன். இது எங்கம்மா செத்ததுக்குப் போட்ட மொட்டை."

ஒருவன்கூட அரவவாடு என்று கத்தவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் தனியாகக் குரல் கொடுத்தார், "கோவிந்தா!" உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நாங்கள் சொல்லிக்கொண்டே நடந்த அதே கோவிந்தா. இந்தத் தடவை அது உனக்கு, அம்மா. மொத்தக் கூட்டமும் திருப்பிச் சொன்னது.

பெரியம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளாவேளைக்கு வந்துவிடுகிறது.

அடுத்து சித்தூருக்குப் போகிறேன், நான் விழுந்த அதே மேடைக்கு. அதற்குள் முடி வளர்ந்திருக்கும். கோவிந்தா போட ஆளிருக்காது. அரவவாடு என்றே கத்தட்டும். எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மானத்தை வாங்காத மகன்,
முனிரத்தினம்