செவலையின் வாய்க்கட்டு

முதுநகர்

அன்புள்ள அண்ணன் தேவநாதனுக்குத் தங்கை பூவம்மாள் எழுதுவது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், பம்பாய் மழையில் நனையாமல் உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாள். சிதம்பரத்தில் மலர்க்கொடி அக்காவுக்கு ஆண் குழந்தை, மூக்கு அப்படியே உன்னுடையது. பிள்ளைப்பேறு பார்க்க நானும் அம்மாவும் அங்கே போயிருந்தோம், வீட்டில் அப்பாவும் உன் செவலை நாயும்தான்.

அண்ணா, ஒவ்வொரு கடிதத்திலும் செவலை எப்படி என்று கேட்கிறாய், இனி மறைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கிவிட்டது. அப்பா கடலுக்குப் போகாமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கம்பவுண்டர் அதன் வாயைத் துணியால் கட்டி மயக்க ஊசி போட்டாராம், பிறகு அவிழ்த்துப் பல்லைப் பிடுங்கித் தையல் போட்டார்களாம். புறப்படும்போது டாக்டர், ரெண்டு நாளைக்கு வாயைக் கட்டிப் பார்த்துக்க என்றாராம். மீனும் எலும்பும் கொடுக்காதே, ஆறின கஞ்சி மட்டும் ஊற்று என்று அர்த்தம். அப்பாவுக்குக் கம்பவுண்டர் கட்டிய கட்டுதான் கண்ணில் நின்றிருக்கிறது.

உறுத்தக் கூடாதென்று அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். அவர் போட்ட முடிச்சு எந்த நாளில் தானாக அவிழ்ந்தது? செவலை முன்னங்காலால் துணியைப் பிறாண்டியபோதெல்லாம் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பொறுத்துக்கடா, டாக்டர் சொல்லியிருக்கார்டா என்றாராம். பக்கத்து வீட்டு மாரியம்மாள் அத்தை பார்த்ததை எங்களிடம் சொல்லி அழுதாள். வாயில் ஊறிய ரத்தம் வெளியே வர வழியில்லை, அந்த வெயிலில் நாக்கை நீட்டி மூச்சுவிடவும் முடியவில்லை. மறுநாள் மத்தியானம் அப்பா மடியிலேயே போய்விட்டது. நாங்கள் ரயிலை விட்டு இறங்கி வந்தபோது அவர் அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அழவில்லை, அவர் எதிரில் எப்படி அழுவது?

அப்பா ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டிருக்கிறார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, தீனியத்தான்யா கட்டச் சொன்னேன் என்றாராம். அதிலிருந்து அப்பாவுக்கு யாரோடும் பேச்சில்லை.

இதை எழுதும்போதே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும், இதைக் கிழித்துவிட்டு நோய் வந்து செத்தது என்று எழுதிவிடலாமா என்று அம்மா தயங்கினாள். அவர் நின்றபடியே, “நான்தான் கட்டுனேன்னு எழுதும்மா. இறுக்கிக் கட்டுனேன்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.

அம்மா உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும் வேண்டித் திருநீறு வைத்து அனுப்புகிறாள். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரியில் ஈரத்தலையோடு படுக்காதே. இனி வருவது நானாக எழுதுவது, அம்மாவுக்குப் படித்துக் காட்ட மாட்டேன். அண்ணா, உன் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்ட இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. நான் வாய்விட்டுப் படிக்க முடியாத எதையும் எழுதிவிடாதே.

உன் தங்கை,
பூவம்மாள்