முதல் கேமராவில் நைனா

செவ்வாய், நகரி

மூணு மாசப் பயணம், நாளைக்குக் கிளம்பறேன். கைக்கடக்கமா ஒரு கேமரா வாங்க எங்க நைனாவோட திருப்பதிக்குப் போனேன். கடையில ரெண்டு காட்டினாங்க. ரெண்டுலயும் அவரையே நிக்க வெச்சு எடுத்துப் பார்த்தேன். முதல்ல எடுத்தப்போ, "என்னை எதுக்கும்மா புடிச்சிக்கினு கீற?"ன்னு சிரிச்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் சிரிச்சு நான் பார்க்கவே இல்ல. ரெண்டாவதுல விறைப்பா நின்னாரு. அதுதான் எடை கம்மின்னு அதையே வாங்கினேன். புத்தி கெட்டவ. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது, அந்தச் சிரிப்பு கடைக் கேமராவிலயே தங்கிடுச்சு. அழிச்சிருப்பாங்களோ? கடையில போன் எடுக்கல. பக்கத்து ரூம்ல நைனா இருமிக்கினே கீறாரு. கடை பத்து மணிக்குத்தான் திறப்பாங்க. என் ரயில் காலையில ஆறுக்கு.