இரண்டு பெட்டிக்கு நடுவில்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே நான் சௌக்கியம், உன் அம்மாவுக்கு மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே, மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தது இல்லை, நானேதான். மாலை வகுப்பு டீச்சர் 'இனிமே உங்களுக்கு ஆள் வேணாம் தாத்தா' என்று சொல்லிவிட்டார். 'ழ' எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்த பூனை மாதிரி இருக்கிறது. முதலில் எழுதிய காகிதத்தை அம்மாவிடம்தான் காட்டினேன், அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். போன வாரத்திலிருந்து வாயைத் திறப்பதில்லை, ஸ்பூன் பக்கத்தில் போனாலே பல்லைக் கடித்துக்கொள்கிறாள். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், அதையும் உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்துவிட்டேன். வேறு வழி தெரியாமல்தான் அந்தப் பழைய ரெக்கார்ட் பிளேயரைத் தூசி தட்டினேன்.

நான் லிஃப்ட் ஓட்டிய ஹோட்டலை மூடும்போது மேனேஜர் கொடுத்தாரே, அதுதான். கூடவே ஓர் இசைத்தட்டும் கொடுத்தார், ஏதோ வெளிநாட்டுப் பாட்டு, லத்தீன் தாளம் என்பார் அவர். ஹோட்டலில் கீழே கூடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், லிஃப்ட் கதவு திறந்தால் எனக்கு ஒரு வாய் கிடைக்கும், மூடினால் போய்விடும். வயலின்கள் பட்டுத்துணியை உதறி விரிக்கும், ட்ரம்பெட் நடுவில் எட்டிப் பார்க்கும், பாடுகிறவர்கள்கூட பா பா என்பதோடு சரி. வார்த்தையே இல்லாததால் படிக்காதவனுக்கும் அதில் ஒரு குறையும் இல்லை, தெரியாத ஒரு கடற்கரையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது ஊசி மாற்ற வந்த ரேடியோ மெக்கானிக், ஒரு ஸ்பீக்கர் பெட்டி நம் வீட்டுக் கூடத்திலும் இன்னொன்று சமையலறையிலும் இருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். 'என்ன பெரியவரே, புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வெச்ச மாதிரி வெச்சிருக்கீங்க? இது ஸ்டீரியோ. மேளம் ஒரு பெட்டில வரும், வயலின் இன்னொண்ணுல வரும், ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தாத்தான் பாட்டு' என்றார். நாங்கள் ஆளுக்கொரு பெட்டி என்றல்லவா நினைத்து ஒயரை இழுத்தோம், நான் கூடத்தில் கேட்க, அவள் சமைத்துக்கொண்டே கேட்க. இதில் மேளமே கிடையாது என்று அவள் சாதிப்பாள், 'உங்க காதுக்குள்ள லிஃப்ட் ஓடுது' என்பாள். இத்தனை வருஷமும் அவள் கேட்டது ஒரு பாதி, நான் கேட்டது ஒரு பாதி.

இப்போது அவள் கட்டில் கூடத்தில்தான் கிடக்கிறது. பெட்டிகளை இரண்டு பக்கமும் வைத்து ஓடவிட்டேன். அடடா, சுண்டெலி, மேளம் இந்தப் பக்கம் கேட்க, வயலின் அந்தப் பக்கமிருந்து பதில் சொல்ல, அறையே அகலமாகிவிட்டது. அவள் சுவரை விட்டுத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, சமையலறைக்குப் போகிற நிலைவாசலைப் பார்த்தாள். பாட்டு முடியும்வரை பார்த்தாள், அந்த நேரத்தில் கொஞ்சம் பால் உள்ளே போனது. நேற்றும் அப்படியே. இன்று வெகுநேரம் பார்த்துவிட்டு, அங்கே யாரும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள், பால் அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் நீ அந்த வாசலில் நின்றுதானே ஆடுவாய், வழியை விடு என்று இரண்டு பக்கமிருந்தும் விரட்டுவோம். இந்த வீட்டில் முழுப் பாட்டையும் கேட்டவள் நீ ஒருத்திதான். 'அம்மாவுக்கு என்னையே தெரியல, நான் வந்து என்னப்பா ஆகப்போகுது' என்று போனில் கேட்டாய். தெரியாமலா அந்த இடத்தைப் பார்க்கிறாள்? உடனே புறப்படு. ஆட வேண்டாம், வந்து நின்றால் போதும்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். வழியில் பட்டினி கிடக்காதே. பதில் எழுதினால் பெரிய எழுத்தாக எழுது, நானே படிப்பேன். இல்லை, எழுதாதே, வந்துவிடு.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போடும்
உன் அப்பா