அவள் கையெழுத்து போதும்

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஓ.பி.க்கு வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அதற்குள் மறுபடி ஏழு வாரக் கர்ப்பம். கலைத்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். சம்மதப் படிவத்தை நீட்டினேன்.

"என் கையெழுத்து மட்டும் போதுமா டாக்டர்? போன வாரம் குற்றாலம் போற சீசன் கூட்டத்துல பஸ்ல நின்னுக்கிட்டே இங்க வந்தேன். வீட்டுக்காரரு கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாவ. அவுக மிலிட்டரில இருக்காவ. லீவுல வர ரெண்டு மாசம் ஆகும்."

பக்கத்தில் நின்ற ஜெபராணி சிஸ்டர் தலைகுனிந்தார். "நாளைக்குக் குடும்பத்துக்காரங்க சண்டைக்கு வந்தா யாரு பதில் சொல்லுதது டாக்டர்?"

"சட்டப்படி இவங்க சம்மதம் போதும் சிஸ்டர்."

அவள் கையெழுத்துப் போட்டாள். பரிசோதித்து மாத்திரை கொடுத்தேன். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சிஸ்டரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன், இப்படித் திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று.

"எண்ணிப் பாக்கல டாக்டர்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

மூன்று வருடமாக, அவர்களைத் திருப்பி அனுப்பிய இடத்துக்கு அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நானும் இன்றைக்குத்தான் கேட்டேன்.